‘இப்படிச் செய்துவிடாதீர்கள்!’

“இந்தக் கட்டியைத் தண்ணீரில் கரைத்து, ஜாடியில் ஊற்றி, இருட்டான அலமாரியில் இருபது நாள் வைத்துவிடாதீர்கள். வைத்தால் அது ஒயினாக மாறிவிடும்!”

இந்த ரீதியில் ஓர் எச்சரிக்கையுடன் ஒரு சரக்கு அமெரிக்கக் கடைகளில் விற்றுக் கொண்டிருந்தது. மதுவிலக்கு அமுலில் இருந்த காலம் அது. சரக்கின் பெயர் திராட்சைச் செங்கல். திராட்சையை நசுக்கி, இறுக்கி அழுத்திச் செங்கல் மாதிரி கட்டியாக்கியிருப்பார்கள். வாங்கிப் போகிறவர்கள் எச்சரிக்கையைக் கவனமாகப் படிப்பார்கள். எதையெதைச் செய்யக் கூடாது என்று போட்டிருக்கிறதோ அதையெல்லாம் வரிசை பிசகாமல் செய்வார்கள். சமையல் புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவான செய்முறை இருக்காது!

வீட்டில் ஒயின் தயாரிப்பது எப்படி என்பதை ஒரு தேசம் முழுவதும் ஏககாலத்தில் கற்றுக்கொண்ட கதை இது. கற்றுக்கொடுத்தது யார்? ஒயினை ஒழிப்பதற்காகப் போட்ட சட்டமேதான்.

1920-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. அரசியல் சட்டத்தையே பதினெட்டாவது முறையாகத் திருத்தி, மது தயாரிப்பதும் விற்பதும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போவதும் கூடாது என்று செய்துவிட்டார்கள். குடிப்பது குற்றம் என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை. திருத்தத்தை அமுல் நடத்துவதற்கென்று வந்த சட்டத்துக்கு வால்ஸ்டெட் சட்டம் என்று பெயர். மின்னஸோட்டா ராஜ்யத்துப் பிரதிநிதி ஆண்ட்ரூ வால்ஸ்டெட் அதைக் கொண்டு வந்தார். ஜனாதிபதி வில்ஸன் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். அதையும் மீறி 1919 அக்டோபரில் காங்கிரஸ் சபை நிறைவேற்றியது. நூற்றுக்கு அரைப் பங்கு ஆல்கஹால் இருந்தாலே அது மது என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. நமது வீட்டுத் தோசை மாவைக் கொண்டுபோய்ப் பரிசோதித்தால்கூடக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

இவ்வளவு கடுமையான சட்டத்தில் இருபத்தொன்பதாவது பிரிவில் ஒரு சின்னச் சந்து இருந்தது. தன் வீட்டு உபயோகத்துக்காக மட்டும் ‘போதை தராத’ ஆப்பிள் ரசமும் பழரசங்களும் தயாரித்துக் கொள்பவருக்குச் சட்டத்தின் தண்டனைகள் பொருந்தா என்றது அந்தப் பிரிவு. கிராமத்துக் குடியானவர் மனைவி, தோட்டத்தில் விழுந்து கிடக்கும் ஆப்பிளைப் பிழிந்து வைத்துக் கொள்வாள். நாலு நாள் கழித்து அது புளித்துப் போனால் அதற்காக அந்த அம்மாளைக் கைது செய்யவா முடியும்? அந்த நல்ல எண்ணத்தில் வைத்த விதிவிலக்கு.

ஆனால் ‘போதை தராத’ என்றால் எவ்வளவு? மற்ற இடத்திலெல்லாம் அரை சதவிகிதம் என்று அளந்து சொன்ன சட்டம், இந்த இடத்தில் அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

நம் தமிழில் இதை விளக்குவது சுலபம். ‘திராட்சை ரசம்’ என்றால் என்ன? ஜூஸ் கடையில் கேட்டால் பிழிந்த சாறு தருவார்கள். பைபிளைப் புரட்டினால் அதே ‘திராட்சரசம்’ ஒயினைக் குறிக்கும். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பத்துப் பதினைந்து நாள் அவகாசம், அவ்வளவுதான். சொல்லில் இருக்கும் இந்த மயக்கம் பழத்திலேயே இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் அந்த மயக்கத்தில்தான் காலை விட்டுக் கொண்டது.

*

பீர் தயாரிக்க வேண்டுமென்றால் பார்லியை முளைகட்ட வேண்டும், வறுக்க வேண்டும், கொதிக்க வைக்க வேண்டும். விஸ்கி என்றால் வாலையும் அடுப்பும் வேண்டும். ஒயின் அப்படியல்ல. பழத்தை நசுக்கிவிட்டு நாம் சும்மா இருந்தாலே போதும். திராட்சையில் சர்க்கரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, புளிப்பும் இருக்கிறது. பாக்கி வேண்டியது ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத காளான் இனம் ஒன்றுதான். அது பழத்தின் தோலிலும் காற்றிலும் போன வருஷம் உபயோகித்த பீப்பாயின் இடுக்கிலும் ஒட்டிக் கொண்டிருக்கும். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுவது அதன் தொழில். புளிப்பதற்கு உயிருள்ள நுண்கிருமிகளே காரணம் என்று நிலைநாட்டிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், ஒயினைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதி 1866-ல் வெளியிட்டார். இந்த ஈஸ்ட் குளிர்காலத்தில் எங்கே ஒளிந்திருந்துவிட்டு மறு வருஷம் தோட்டத்துக்குத் திரும்புகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. குளவிகளின் வயிற்றில் அது பத்திரமாகக் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்று இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் கண்டு சொன்னார்கள். குளவிக்கு யார் சம்மன் அனுப்புவது?

நம் ஊர்ப் பனையேறிக்கு இந்தச் சங்கதி எல்லாம் புத்தகம் படிக்காமலே தெரியும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் இறங்குவது கள். பாளையும் ஒன்று, மரமும் ஒன்று. தமிழ்நாட்டில் 1987 முதல் ஒன்று தடை. மற்றொன்று அனுமதியின் பேரில் இறக்கலாம். நடுவில் நிற்பது ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு. அமெரிக்கர்கள் திராட்சைக்குச் சுண்ணாம்பு தடவ மறந்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

ஆக, 1920-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். கலிபோர்னியாவில் எழுநூறுக்கு மேற்பட்ட ஒயின் தொழிற்கூடங்கள் இருந்தன. மதுவிலக்கு வந்ததும், “போச்சு, நம் பிழைப்பு போச்சு!” என்று திராட்சை விவசாயிகள் தலையில் கை வைத்துக் கொண்டார்கள். சிலர் கொடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிளம் மரமும் வால்நட் மரமும் நட்டார்கள். அவசரப்பட்டவர்கள்! அறுவடை சமயத்தில் கிழக்குச் சீமையிலிருந்து வியாபாரிகள் கையில் பணத்துடன் வந்து இறங்கினார்கள். முன்பெல்லாம் டன் இருபது டாலருக்குப் போனாலே திருப்திப்பட்ட விவசாயிகள், இரண்டொரு வருஷத்தில் சில ரகங்களுக்கு நூறு டாலருக்கு மேல் வாங்கினார்கள். வாங்கியது தொழிற்கூடங்களா? இல்லை. ஆயிரமாயிரம் சமையலறைகள்!

அந்தச் சமையலறைகளில் முக்கால்வாசி இத்தாலியிலிருந்து குடியேறியவர்களுடையவை என்று சொன்னால் அதிகம் தவறிருக்காது. அவர்களுக்கு ஒயின் என்பது நமக்கு மோர் மாதிரி. சாப்பாட்டு மேஜையில் அது இல்லாவிட்டால் இலையில் ஏதோ குறை. சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் கூலி வேலை செய்துவிட்டு வந்து, சூப்புக்கும் ரொட்டிக்கும் நடுவே அரை டம்ளர் குடிப்பவர்கள். ‘சலூன்’ என்னும் மதுக்கடையின் வாசலில் விழுந்து கிடக்கும் கணவன்மாரை நினைத்து மதுவிலக்குக்காகப் போராடிய அமெரிக்கப் பெண்மணிகளின் கண்ணீர் நிஜமான கண்ணீர்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கண்ட குடி வேறு, இந்த மேஜையில் இருந்த குடி வேறு. சட்டத்துக்கு இந்த வித்தியாசம் புரியவில்லை.

மின்னஸோட்டாவின் இரும்புச் சுரங்கப் பிரதேசத்தில் ஓர் ஊர், பெயர் வர்ஜினியா. (சட்டம் கொண்டு வந்த வால்ஸ்டெட்டின் சொந்த ராஜ்யம்தான்!) அங்கே இத்தாலியர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அங்கத்தினர்களின் வீட்டு ஒயினுக்கு வேண்டிய திராட்சையை நேரில் போய்ப் பார்த்து வாங்கி வர, செஸாரே மாண்டவி என்பவரைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார்கள். போனவர் பழத்தைப் பார்த்தார், சீதோஷ்ணத்தைப் பார்த்தார், வியாபாரத்தையும் பார்த்தார். சில வருஷத்துக்குள் குடும்பத்தோடு கலிபோர்னியாவில் லோடி என்ற ஊருக்கே குடிபெயர்ந்து, கிழக்கே திராட்சை அனுப்பும் தொழிலில் இறங்கிவிட்டார். பள்ளிக்கூட விடுமுறையில் அவருடைய பையன்கள் ராபர்ட்டும் பீட்டரும் பழப் பெட்டிகளுக்கு ஆணி அடிப்பார்கள். அந்த ராபர்ட் மாண்டவியை நாம் பின்னால் இன்னொரு தடவை சந்திப்போம்.

*

பெட்டிகள் ஐஸ் வைத்த ரயில் வண்டிகளில் ஏறி, மலையும் பாலைவனமும் தாண்டி, சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போகும். ஒரு பெட்டி சுமார் இருபத்தைந்து ராத்தல். ரயில் முற்றத்திலேயே ஏலம், பேரம் எல்லாம். வாங்க வந்தவர் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு, தோலை விரலில் தேய்த்துச் சாயம் ஏறுகிறதா என்று பார்ப்பார்.

சாயத்தின் மேல் ஏன் இத்தனை கண்? இங்கேதான் ‘அலிகாண்ட்டே பூஷே’ என்ற பழத்தின் பிரதாபத்தைச் சொல்ல வேண்டும். சாதாரணக் கறுப்புத் திராட்சையை நசுக்கிப் பாருங்கள். உள்சதை வெளுப்பாகத்தான் இருக்கும். நிறமெல்லாம் தோலில். ஆன்ரி பூஷே என்ற பிரெஞ்சுக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய இந்த ரகத்துக்கோ சதையும் சிவப்பு. தோலும் தடிப்பு. பல நாள் ரயில் பிரயாணத்தில் நசுங்காது, பூஞ்சைக் காளான் பிடிக்காது. ‘ஜின்பண்டெல்’ போன்ற நல்ல ரகங்கள் மெல்லிய தோலுடன் நெருக்கமாகக் காய்ப்பவை; போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். அலிகாண்ட்டேயின் ருசி? சுமார்தான். ஆனால் நிறம் இருக்கிறதே, அது இரண்டு தடவைக்கு வரும்! தேங்காயைப் பிழிந்து முதல் பால் எடுத்த பிறகு வெந்நீர் ஊற்றி இரண்டாம் பால் எடுக்கிறோம் அல்லவா? அதேபோலச் சக்கையில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி இன்னொரு முறை புளிக்க வைத்தாலும் நல்ல சிவப்பாகவே இருக்கும். வீட்டில் எட்டுப் பேர், சம்பாத்தியம் ஒருவருடையது என்றால் இது சின்ன விஷயமா?

வீட்டில் காரியம் நடந்த விதம் இதுதான். பெட்டிகள் வந்து இறங்கிய அன்று குடும்பமே நிலவறையில் கூடும். அழுகிய பழத்தைப் பொறுக்கி எறிவது குழந்தைகள் வேலை. பிறகு காலால் மிதிப்பார்கள். வசதி உள்ளவர்கள் கையால் சுற்றும் உருளை யந்திரத்தில் நசுக்குவார்கள். விதை உடையக் கூடாது, உடைந்தால் கசப்பு. நசுக்கியதைத் தோலும் சாறுமாக வாய் அகன்ற மரத்தொட்டியில் கொட்டி, துணியால் மூடி வைப்பார்கள். முழுக்க நிரப்பமாட்டார்கள். இட்லி மாவுப் பாத்திரத்தில் இடம் விடுகிறோமே, அதே காரணம்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொட்டி பேச ஆரம்பிக்கும். சளசளவென்று ஒரு சத்தம். வாயு மேலே வரும்போது தோல்களையும் தள்ளிக்கொண்டு வந்து ஆடை மாதிரி கட்டிவிடும். அந்த ஆடையைத் தினம் இரண்டு மூன்று தடவை கட்டையால் உள்ளே அமுக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் மேலே காய்ந்து, பழ ஈக்கள் மொய்த்து, காடி வாசனை அடித்துவிடும். ரொம்பக் குளிர்ந்தால் ஈஸ்ட் தூங்கிவிடும்; ரொம்பச் சூடேறினால் செத்துவிடும். இலையுதிர் காலத்து நிலவறையின் மிதமான குளுமை அதற்குப் பிடித்தமானது. ஆபத்தும் உண்டு. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. நிலவறையின் தரையோடு தேங்கி நிற்கும். கதவைத் திறந்து வைக்காமல் உள்ளே போனால் மூச்சுத் திணறி விழ வேண்டியதுதான்.

ஏழெட்டு நாளில் சத்தம் அடங்கும். சக்கையைப் பிழிந்துவிட்டு, ரசத்தைப் பீப்பாயில் ஊற்றுவார்கள். ஊற்றுவதற்கு முன் பீப்பாயில் கந்தகத்தைக் கொளுத்திப் புகை போடுவது வழக்கம். கெட்ட கிருமிகளுக்கு அது எமன். அடைப்பை உடனே இறுக்கக் கூடாது. உள்ளே இன்னும் வாயு வந்துகொண்டிருக்கும், பீப்பாயே வெடித்தாலும் வெடிக்கும். முற்றிலும் அடங்கிய பிறகு இறுக்கி மூடலாம். இரண்டு மாதம் போனால் வண்டல் அடியில் தங்கிவிடும். தெளிவை மட்டும் இறுத்து வேறு பீப்பாய்க்கு மாற்றி, வாய் வரை நிரப்பி, காற்று புகாமல் அடைக்க வேண்டும். காற்று புகுந்தால் ஆறு மாத உழைப்பும் ஊறுகாய் போடத்தான் ஆகும், ஏனென்றால் அது காடி! ஒரு பெட்டிப் பழத்தில் இரண்டு காலனுக்குச் சற்றுக் குறைவாகத் தேறும். பழச்சாற்றில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு சர்க்கரை இருந்தால் ஒயினில் பன்னிரண்டு பங்குக்குமேல் ஆல்கஹால் இருக்கும். சட்டம் மற்றவர்களுக்கு விதித்த அரைப் பங்கைப்போல இருபத்தைந்து மடங்கு.

இதைப் படித்ததும் பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடியைத் தேடி எழுந்திருக்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. நம் தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கிறிஸ்துமஸுக்காகத்தான் என்றாலும் போலீஸ்காரர் கேட்கமாட்டார். உட்காருங்கள், கதையைக் கேளுங்கள்.

*

அமெரிக்கப் போலீஸ்காரர் மட்டும் ஏன் கேட்கவில்லை? அதே வால்ஸ்டெட் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. வீட்டுக்குள் மது விற்பனை நடக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லாமல், ஜனங்கள் குடியிருக்கும் வீட்டைச் சோதனை போட வாரண்டு தரக்கூடாது என்பது. குடும்பத் தலைவர் வருஷத்துக்கு இருநூறு காலன் வரை தயாரிக்கலாம் என்று சர்க்கார் இலாகாவும் கணக்குப் போட்டிருந்தது. இருநூறு காலன் என்றால் ஏறக்குறைய ஆயிரம் புட்டி. தினம் இரண்டே முக்கால் புட்டி! ‘போதை தராத பழரசம்’ என்ற பெயரில்!

இந்த வேஷத்தை நாலு பேருக்குத் தெரியும்படி கலைத்துக் காட்ட வேண்டும் என்று தீர்மானித்தார் ஒருவர். அவர் ஜான் பிலிப் ஹில். பால்டிமோர் நகரிலிருந்து காங்கிரஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மதுவிலக்கின் பரம விரோதி. குடியானவன் ஆப்பிளைப் புளிக்க வைத்தால் குற்றமில்லை, பட்டணவாசி பீர் குடித்தால் குற்றமா என்பது அவர் கட்சி. நகரத்தின் நடுவே இருந்த தம் வீட்டில் ஊரறியத் திராட்சையைப் பிழிந்தார், ஆப்பிளையும் பிழிந்தார். எத்தனை சதவிகிதம் வரை போகலாம் என்று அதிகாரிகளுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். வழக்குப் போடு, போடு என்று அவரே கெஞ்சியதுபோல் இருந்தது. கடைசியில் போட்டார்கள். 1924 நவம்பரில் விசாரணை. வீட்டில் தயாரித்த பழரசத்துக்கு அரை சதவிகிதக் கணக்கு செல்லாது, அது உண்மையிலேயே போதை தந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று நீதிபதி மாரிஸ் சோப்பர் ஜூரர்களுக்கு எடுத்துச் சொன்னார். ஜூரர்கள் ஹில் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளித்தார்கள். எத்தனை டம்ளர் குடித்தால் போதை வரும் என்பது பற்றி ஒரு நீதிமன்றம் அவ்வளவு சிரத்தையாக விசாரித்தது அபூர்வம்.

இதுவரை சொன்னது சிரிப்புக் கதை மாதிரி இருக்கிறது. இதற்கு இருண்ட பக்கமும் ஒன்று உண்டு. நிலவறையும் திராட்சையும் இல்லாதவன் தெருவில் விற்ற கள்ளச் சரக்கைக் குடித்தான். அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கென்று தயாரான ஸ்பிரிட். யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சர்க்கார் உத்தரவின்பேரில் மெதில் ஆல்கஹால் முதலிய விஷங்கள் கலந்தது. கள்ள வியாபாரி அந்த விஷத்தை நீக்கிவிட்டதாகச் சொல்லிக் கொள்வான்; பாதிதான் நீக்கியிருப்பான். 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் ஆஸ்பத்திரிகளுக்கு இப்படிக் கண் தெரியாமல் தூக்கி வரப்பட்டவர்கள் பலர், செத்தவர்கள் பலர். நகரத்தின் தலைமை மரண விசாரணை டாக்டர் சார்லஸ் நாரிஸ், இது தெரிந்தே செய்யும் காரியம் என்று சர்க்காரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். செத்தவர்களில் பெரும்பாலோர் நல்ல சரக்கு வாங்க வசதியில்லாத ஏழைகள் என்பதையும் சுட்டிக் காட்டினார். மெதில் ஆல்கஹால் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை நாம் பறிகொடுத்தோம்.

திராட்சையை நசுக்கிப் புளிக்க வைப்பதில் இந்த ஆபத்து கிடையாது. இத்தாலியக் கிழவியின் பீப்பாயில் கெட்டது ஏதாவது நடந்தால் அதிகபட்சம் காடிதான். அந்தப் பத்து வருஷத்தில் அவள் நிலவறையில் செய்துகொண்டிருந்தது சட்டத்தை ஏய்க்கும் காரியம் என்று எழுதியவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில், தன் வீட்டு ஆண்பிள்ளைகளைத் தெருச் சரக்கிலிருந்து காப்பாற்றிக் கொண்டிருந்தாள் என்றும் எழுதலாம்.

*

எந்த நல்ல சந்தையும் நிலைப்பதில்லை. லாபத்தைப் பார்த்து எல்லாரும் கொடி நட்டார்கள். 1925-ல் பழம் குவிந்து விலை சரிந்தது. பெட்டிகள் ரயில் முற்றத்திலேயே அழுகின. அப்போதுதான் விவசாயிகளின் கூட்டு ஸ்தாபனமான ‘புரூட் இண்டஸ்ட்ரீஸ்’ ஒரு யுக்தி செய்தது. பழத்தை எதற்கு அனுப்ப வேண்டும்? சாற்றைச் சுண்ட வைத்தே அனுப்புவோம்! ‘வைன்குளோ’ என்று அதற்குப் பெயர் வைத்து, 1930 வாக்கில் அமோகமாக விளம்பரம் செய்தார்கள். நீங்கள் ரகத்தைச் சொன்னால் போதும். கம்பெனி ஆள் சின்னப் பீப்பாயோடு வீட்டுக்கே வருவான், தண்ணீர் சேர்ப்பான், அறுபது நாள் கழித்து மறுபடி வந்து புட்டிகளில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போவான். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது காத்திருப்பது ஒன்றுதான். இந்த ஸ்தாபனத்துக்குச் சர்க்காரின் பண்ணை வாரியமே கடன் கொடுத்திருந்தது என்றால் நம்புவீர்களா?

இதைவிட வேடிக்கை ஒன்று. கம்பெனியின் சட்ட ஆலோசகர் ஸ்ரீமதி மேபல் வில்லிபிராண்ட். 1921 முதல் 1929 வரை சர்க்காரின் உதவி அட்டர்னி ஜெனரலாக இருந்து, மதுவிலக்கு வழக்குகளை நாடு முழுவதும் நடத்தியவர் அதே அம்மாள்தான்! கள்ளச் சாராயக்காரர்கள் அவர் பெயரைக் கேட்டாலே நடுங்குவார்கள். சட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது எட்டு வருஷம் அதைக் காவல் காத்தவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

1931-ல் கன்ஸாஸ் நகரத்தில், இதே மாதிரி சாறு விற்ற வேறொரு கம்பெனிமீது வழக்கு வந்தது. ஒயினாக மாற்றித் தருகிறேன் என்று விற்றால் அது பழரசம் அல்ல, மதுதான் என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார். வைன்குளோ மறு மாதமே கடையைக் கட்டியது.

1933 டிஸம்பர் 5-ஆம் தேதி மதுவிலக்கே போய்விட்டது. ஒயின் தொழிற்கூடங்களில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. அவற்றுக்கும் ஒரு சோதனை. தோட்டமெல்லாம் ரயிலுக்குத் தோதான தடித்தோல் பழம். நல்ல ஒயினுக்கான ரகங்களைப் பலர் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கொடியை மாற்றி நடுவது, அது வளர்ந்து காய்ப்பது, ஜனங்களின் நாக்கு பழகுவது எல்லாவற்றுக்கும் ஒரு தலைமுறை பிடித்தது. பழப் பெட்டிக்கு ஆணி அடித்த பையன் ராபர்ட் மாண்டவி 1966-ல் நாபா பள்ளத்தாக்கில் சொந்தத் தொழிற்கூடம் ஆரம்பித்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருக்குப் பத்து வருஷம் கழித்து, 1976-ல், பாரிஸில் பிரெஞ்சு நிபுணர்கள் புட்டியின் பெயர் தெரியாமல் ருசி பார்த்து நடத்திய போட்டியில் வெள்ளை, சிவப்பு இரண்டிலும் கலிபோர்னியா ஒயின்களே முதலிடம் பெற்றன. அவற்றில் மாண்டவியின் ஒயின் இல்லை. ஆனால் வெள்ளையில் ஜெயித்த ஒயினைத் தயாரித்த மைக் கெர்கிச் அவரிடம் வேலை பார்த்தவர்.

வீட்டு ஒயினுக்கு இன்றும் அமெரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் வருஷத்துக்கு நூறு காலன், இரண்டு பேர் வயது வந்தவர்கள் என்றால் அதே பழைய இருநூறு காலன். விற்கக் கூடாது. வீட்டில் பீர் தயாரிக்க மட்டும் 1979 வரை அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக் குடியானவர் மனைவியை யாரும் பார்லியோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கிழக்குக் கடற்கரை நகரங்களின் மொத்த வியாபார மண்டிகளுக்குக் கலிபோர்னியாப் பெட்டிகள் இன்னமும் வந்து இறங்குகின்றன. இத்தாலிய வம்சத்தாரின் பேரன்களும் கொள்ளுப் பேரன்களும் வந்து நின்று, அலிகாண்ட்டே இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.